ஸ்டென்ட் வைத்தவருக்கு வருடா வருடம் ஸ்கேன்: புது டாக்டர்கள் தவிர்க்க வேண்டியவை

புதுச்சேரியில் எங்கள் ஓ.பி.க்கு வரும் ஜூனியர்கள் எழுதும் ஸ்கேன் சீட்டுகளைப் பார்த்தால், நாங்கள் அந்த வயதில் எழுதியவை அப்படியே திரும்பி வருகின்றன. வெறும் வயிற்றோடு வரச் சொல்ல மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் சிஸ்டரே திருத்திவிடுவார்.

'எதற்கும் ஒரு தடவை பார்த்துடலாம்'

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து ஒரு வருடம் ஆகிறது, நன்றாக நடக்கிறார், மாத்திரை தவறுவதில்லை. ஆனாலும் இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க பெர்ஃப்யூஷன் ஸ்கேன்!

கடலூர் முதுநகரில் வலை வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர். காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. வெளியூரில் இருக்கும் மகன் ஒரு தனியார் மையத்தில் செக்கப்புக்குப் பணம் கட்டிவிட்டார். ஸ்கேனில் இதயத்தின் கீழ்ச்சுவரில் லேசான குறை என்று வந்தது. வீடே கலங்கி, ஆஞ்சியோகிராம் வரை போனது. ஸ்டென்ட் சுத்தமாக இருந்தது. அந்தக் 'குறை' உதரவிதானம் மறைத்ததால் விழுந்த நிழல். ஆண்களுக்கு, அதுவும் தொப்பை உள்ளவர்களுக்கு, இது அடிக்கடி வரும். குப்புறப் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்திருந்தாலே பெரும்பாலும் தெரிந்திருக்கும். அவர் சுகர்காரர் வேறு. ஆஞ்சியோவுக்குப் போட்ட டை மருந்தில் கிட்னி பாதித்து, கிரியாட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறி, சில நாள் வார்டில் படுத்திருந்தார். அப்புறம் பயத்தில் நடையையும் நிறுத்திவிட்டார். அவருக்கு நல்லது செய்துகொண்டிருந்த ஒரே விஷயம் அது!

தென் கொரியாவில் ஸ்டென்ட் வைத்த, ஆபத்து அதிகமுள்ள 1,706 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓராண்டில் கட்டாய ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் சோதனை, பெர்ஃப்யூஷன் ஸ்கேனும் அதில் ஒரு வகை), மற்றதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2022-இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, தீவிர நெஞ்சுவலிக்காக அட்மிஷன் எல்லாம் சேர்த்து டெஸ்ட் குழுவில் 5.5%, மற்றதில் 6.0%. சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கூடியது ஆஞ்சியோகிராமும் மறுபடி அடைப்பு நீக்குவதும்தான்.

கதிர்வீச்சு கணக்கும் உண்டு. டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தை வைத்து இந்த ஸ்கேனை ஓய்விலும் ஸ்ட்ரெஸ்ஸிலும் எடுத்தால் சுமார் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து உலக சராசரியாக ஒருவருக்கு ஓராண்டில் கிடைப்பது 2.4.

அறிகுறி இல்லாதவருக்கு ஸ்டென்ட் வைத்து 2 ஆண்டுக்குள்ளும், பைபாஸ் முடிந்து 5 ஆண்டுக்குள்ளும் இந்த ஸ்கேனை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க இதயவியல் அமைப்புகள் முன்பே சொல்லிவிட்டன. சில அடைப்புகளைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால், அது தனிக் கணக்கு, சீனியரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்குச் சீட்டு எழுதும் முன் ஒரு கேள்வி: ரிசல்ட் மோசமாக வந்தால் என்ன செய்யப்போகிறீர்கள்? பதில் இல்லையென்றால் பேனாவை மூடுங்கள்.

வலி இல்லை என்றதும் 'அறிகுறி இல்லை' என்று எழுதுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. சுகர் உள்ளவருக்கு வலியே வராமல் மூச்சு வாங்கலாம், அசதி தட்டலாம். சிலர் நடையைக் குறைத்துக்கொண்டே வந்து வலியைத் தவிர்த்துவிடுவார்கள். "போன வருஷம் எவ்வளவு தூரம் நடந்தீங்க, இப்போ எவ்வளவு?" என்று கேளுங்கள். பீச் ரோடு முழுக்க நடந்தவர் இப்போது காந்தி சிலையோடு திரும்புகிறார் என்றால், அவரை அறிகுறி இல்லாதவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். வீட்டம்மாவிடமும் கேளுங்கள், உண்மை அங்கேதான் கிடைக்கும்.

ஸ்கேனுக்காக கிளோபிடோக்ரெலை நிறுத்துவது

கூடவே கூடாது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை அது.

காபி

ஸ்ட்ரெஸ்ஸுக்கு நடக்க வைப்பதற்குப் பதில் அடினோசின் என்ற ஊசி மருந்து போடுவதாக இருந்தால் குறைந்தது 12 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் வேண்டாம். காஃபின் கலந்த தலைவலி மாத்திரைகளும் இதில் சேர்த்தி.

பழைய படம் இல்லாமல் ரிப்போர்ட் படிப்பது

முன்பு மாரடைப்பு வந்தவருக்குத் தழும்பு இருந்த இடம் ஓய்விலும் ஸ்ட்ரெஸ்ஸிலும் ஒரே மாதிரி வெளிறித் தெரியும். அதைப் புது அடைப்பு என்று குடும்பத்திடம் சொல்லிவிட்டால், அப்புறம் திரும்ப வாங்க முடியாது. பழைய ஃபைலை எடுத்து வரச் சொல்லுங்கள். கடலூருக்கு ஒரு பஸ் தூரம்தான்.