தற்காப்பு கற்றுத்தர வரும் முன்னாள் படைவீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் ராணுவத்திலோ துணை ராணுவப் படைகளிலோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்களில் சிலர், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மீனவர் குப்பங்களிலும் தற்காப்பும் மனத்திடமும் கற்றுத்தர முன்வருகிறார்கள். களத்தில் தோழனைப் பறிகொடுத்தவர், குண்டுவெடிப்பில் தப்பியவர், ஊர் திரும்பிய பிறகும் உறக்கம் வராமல் ஆண்டுகளைக் கழித்தவர் எனப் பலரும், தாம் பட்ட துன்பம் இன்னொருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதில் இறங்குகிறார்கள். எண்ணத்தில் குறையில்லை. ஆனால், வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்பதைக் கற்க வந்தவரின் தேவைக்குப் பதிலாக ஆசிரியரின் காயம் தீர்மானிக்கத் தொடங்கும்போது பயிற்சி உதவாமல் போகிறது. சில வேளைகளில் கேடும் செய்கிறது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

முதலாவது, பயிற்சி அளிப்பதையே தமக்கான சிகிச்சையாகக் கொள்வது. பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980ஆம் ஆண்டில்தான் அந்தப் பெயருடன் இடம்பெற்றது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் போரிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிய, சொல்தா எனப்படும் படைவீரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அவர்கள் மனத்தில் சுமந்து வந்ததற்கு அன்று இந்தப் பெயர்கூட இல்லை. இன்று நிலைமை வேறு. நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வருதல், அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், தீபாவளி வெடிச் சத்தத்துக்கு உடல் தூக்கிப்போடுதல், காரணமில்லாமல் எரிந்து விழுதல் போன்ற குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். ஆகியவை பலன் தருவதாக நிறுவப்பட்ட முறைகள். பிறருக்குக் கற்பிப்பது வாழ்க்கைக்குப் பொருள் தரலாம், தனிமையைக் குறைக்கலாம். ஆனால் இவற்றின் இடத்தை அது நிரப்பாது. புதுச்சேரியில் ஜிப்மர் மனநல மருத்துவத் துறையும், ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும் இருக்கின்றன; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ராணுவ கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும் மதுவைக் கொண்டு உறக்கத்தை வரவழைத்துக்கொள்பவர், அதே மது பின்னிரவு உறக்கத்தைக் கெடுத்து மறுநாள் எரிச்சலைக் கூட்டுகிறது என்பதையும், அந்த எரிச்சலோடுதான் மாலையில் வகுப்புக்குப் போய் நிற்கிறோம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தவறு, தம் கதையையே பாடமாக்குவது. அனுபவத்தைச் சொல்லவே கூடாது என்பதில்லை. பயம் வந்தபோது மூச்சை எப்படி நிதானப்படுத்தினேன் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் மாணவிக்கு அது பயன்படும். ரத்தமும் சிதறலுமாக அரைமணி நேரம் விவரித்தால், வகுப்பில் ஏற்கெனவே ஏதோ ஒரு கொடுமையைக் கடந்து வந்திருக்கும் பெண்ணுக்கு அது பழைய புண்ணைக் கிளறிவிடும். மற்றவர்களுக்கு, இவரைப் போன்ற வீரருக்குத்தான் இதெல்லாம் முடியும் என்ற எண்ணத்தை உண்டாக்கும். கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று சொல்வதற்கு முன் யோசித்தாலே பெரும்பாலான கதைகள் நின்றுவிடும்.

இதைவிடக் கேடானது, படைமுகாமின் முறையைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவருவது. முன்னறிவிப்பில்லாமல் பின்னாலிருந்து கழுத்தை வளைப்பது, கத்திக் கூச்சலிட்டு மிரட்டுவது, தவறு செய்தவரை எல்லோர் முன்னும் தண்டால் எடுக்கவைப்பது ஆகியவற்றைக் கண்டிப்பு என்று நியாயப்படுத்துவோர் உண்டு. ராணுவத்தில் சேர்ந்தவர் தேர்வு செய்யப்பட்டு, உடல் தகுதி பார்க்கப்பட்டு, மாதக்கணக்கில் படிப்படியாகக் கடினமாக்கப்பட்ட பயிற்சி பெற்றவர். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சனிக்கிழமை காலை வந்து நிற்கும் பதினான்கு வயதுப் பெண் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவள் அல்ல. அவளைத் தொடுமுன் கேட்க வேண்டும். எந்தப் பிடியைக் காட்டப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். "போதும்" என்று அவள் சொன்ன நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். வெளியே போய் உட்கார விரும்பினால் காரணம் கேட்கக் கூடாது. தன் உடலின் மேல் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தக் கற்பதுதான் தற்காப்பின் அரிச்சுவடி. அதைக் கற்பிக்கும் இடத்திலேயே அந்த அதிகாரத்தைப் பறித்தால் மிஞ்சுவது வெறும் கைவீச்சு. பெண்கள் வகுப்பில் ஒரு பெண் பயிற்சியாளர் உடன் இருப்பதை விருப்பமாக அன்றி விதியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

யாரிடமிருந்து காத்துக்கொள்வது என்பதில் நேரும் பிழை அதிகம் பேசப்படுவதில்லை. களத்தில் எதிரி வெளியாள். ஆகவே படைவீரரின் கற்பனையில் தாக்குபவனும் இருட்டுச் சந்தில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாதவனாகவே இருக்கிறான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை தருபவர். மாமாவாகவோ டியூஷன் ஆசிரியராகவோ இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் மூக்கில் குத்த எந்தப் பெண்ணுக்கும் கை வராது. அங்கே முதலில் வேண்டியது, ஏதோ சரியில்லை என்று உணர்வதும், மரியாதையை மீறிக் குரலை உயர்த்தி வேண்டாம் என்று சொல்வதும், அந்த இடத்தைவிட்டு விலகுவதும், நம்பகமான ஒருவரிடம் சொல்வதும்தான். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியருக்கு நடத்தப்பட்டு 2015இல் முடிவுகள் வெளியான ஆய்வு ஒன்றில், இவ்வகை அணுகுமுறை கொண்ட 12 மணி நேரப் பயிற்சியைப் பெற்றவர்களில் 5.2 விழுக்காட்டினரும், துண்டறிக்கைகளை மட்டும் பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினரும் அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானது பதிவாயிற்று. அந்தப் பயிற்சியில் அடிதடிக்கு ஒரு பங்குதான். தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை மதிப்பிடுவதற்கும், எதிர்த்துப் பேசுவதில் உள்ள மனத்தடைகளைக் கடப்பதற்கும் பெரும்பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சிலம்பமோ கராத்தேயோ கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அவை உடலுக்கு உறுதியும் நடைக்கு நிமிர்வும் தரும். ஆனால் வீட்டுக்குள் வரும் ஆபத்துக்கு அவை மட்டும் போதா.

இன்னொன்று, உடல் உறைந்துபோவதைக் கோழைத்தனமாகப் பேசுவது. "எதிர்த்து நின்றிருந்தால் தப்பியிருக்கலாம்" என்ற வாக்கியம் பல வகுப்புகளில் ஊக்க உரையாகச் சொல்லப்படுகிறது. ஸ்டாக்ஹோம் நகரில் வன்புணர்வுக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது உடல் குறிப்பிடத்தக்க அளவில் அசைவற்றுப் போனதாகச் சொன்னார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு அன்று. பேரச்சத்தில் நரம்பு மண்டலம் தானாகச் செய்வது. இதைப் படைவீரரைவிட நன்றாக அறிந்தவர் யார் இருக்க முடியும்? அப்படியிருந்தும் சீருடை அணிந்தவர்களே இதை மறந்து பேசுவது வியப்பாகத்தான் இருக்கிறது.

சட்டத்தையும் படித்துவிட்டே மைதானத்தில் இறங்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. தேவைக்கு மேற்பட்ட தீங்கை அந்த உரிமை அனுமதிக்காது என்கிறது 37ஆம் பிரிவு. ஆபத்து உண்டு என்ற நியாயமான அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமை நீடிக்கும் என்கிறது 40ஆம் பிரிவு. உயிர்ப்போக்கும் அளவுக்கு அது எப்போது நீளலாம் என்பதை 38ஆம் பிரிவு வரையறுக்கிறது. பாலியல் வன்கொடுமை நோக்கிலான தாக்குதலும் அமில வீச்சும் அதில் அடங்கும். விழுந்துவிட்டவன் எழுந்திராதபடி மிதிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர், தம் மாணவியை நீதிமன்றத்தில் சிக்கவைக்கக்கூடும். பிடியை விடுவித்து ஓடுவதுதான் இலக்கு. ஓடியபின் அவசர உதவிக்கான 112க்கோ பெண்கள் உதவி எண்ணான 181க்கோ அழைப்பதும் அதே பாடத்தின் பகுதி.

வகுப்பு நன்றாக நடந்தால், ஒருநாள் ஒரு குழந்தை ஆசிரியரிடம் வந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லும். அப்போது "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது பெருந்தவறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; மறைத்தால் 21ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. பொறுமையாகக் கேட்பது, நம்புவது, துருவித் துருவி விசாரிக்காமல் விடுவது, யாரிடம் ஏன் தெரிவிக்கப்போகிறோம் என்று குழந்தைக்கு விளக்குவது, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ நாடுவது ஆகியவை போதும். சந்தேகத்துக்குரியவரை நேரில் போய்ச் சட்டையைப் பிடிப்பது அந்தக் குழந்தையை இன்னும் ஆபத்தில் தள்ளும்.

சுனாமி, தானே புயல், ஃபெஞ்சல் புயல் எனப் பேரிடர்களைக் கண்ட இந்தக் கரையில், பேரிடர் முடிந்த மறுநாளே மக்களை வட்டமாக உட்காரவைத்து நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைக்கும் ஆர்வமும் சிலரிடம் உண்டு. கட்டாயப்படுத்தி ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. குடிநீர், தங்குமிடம், காணாமல்போன உறவினரைப் பற்றிய தகவல் ஆகியவற்றுக்கு வழிசெய்துவிட்டு, பேச விரும்புகிறவருக்குச் செவிகொடுப்பதே அந்த நிறுவனம் முன்வைக்கும் உளவியல் முதலுதவி.

பயிற்சியாளர் தம்மைக் கவனித்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் வரும். மாணவரின் அலறலைக் கேட்டுத் தமக்கே படபடப்பு வந்தாலோ, வகுப்பு நாளின் இரவில் கெட்ட கனவுகள் கூடினாலோ, சிறு தவறுக்கும் கை ஓங்கத் தோன்றினாலோ, அன்றைக்கே வகுப்பைத் துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். திரும்பி வருவது எப்போது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம்.