சிறு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணி: ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாவது டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பிடிக்காத வீரர் அக்டோபரில் கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பருவமோ 11 வாரத்தில் 10 ஆட்டம். அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்: பத்தாவது ஆட்டத்தன்று களமிறங்க யார் மிஞ்சியிருப்பார்கள்? கடைசியில் கணக்கு லைன்மேன்களிடம்தான், அதாவது முன்வரிசையில் நின்று எதிராளியோடு மோதும் கனத்த ஆட்களிடம்தான், வந்து நிற்கும். ஓடுகிறவரும் பந்து பிடிப்பவரும் எப்படியாவது கிடைத்துவிடுவார்கள். 280 பவுண்டு உடம்போடு கால் நகர்த்தத் தெரிந்தவர் நடுப்பருவத்தில் கிடைக்க மாட்டார்.

தாக்கும் பக்கத்து லைனில் 5 பேர். ஆட்டத்துக்குத் தயாராக 8 பேராவது வேண்டும், அதில் 3 பேருக்கு சென்டராக, அதாவது நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவராக, நிற்கத் தெரிய வேண்டும். சென்டர் கணுக்கால் பிசகி வெளியேறிய அடுத்த நிமிடமே மாற்று ஆள் போடும் ஷாட்கன் ஸ்னாப் (சில யார்டு பின்னால் நிற்பவருக்குப் பந்தை எறிவது), ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் தலைக்கு மேல் பறப்பது சிறு அணிகளில் சாதாரணம். காரணம் எளிது: பயிற்சியில் முதல் சென்டர் மட்டுமே ஸ்னாப் போட்டிருப்பார். ஆகஸ்ட் முதல் நாளிலிருந்தே சென்டருக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளும் தினம் 25 ஸ்னாப் போடட்டும், அதில் பாதியாவது ஈரப் பந்தில்.

ஆகஸ்ட் முகாமின் எதிரி வெயில். முதல் 2 நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த 2 நாள் ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும், அதற்குப் பிறகே முழுக் கவசம். தாமதமாக வந்து சேர்ந்தவருக்கும் இதே வரிசைதான். "மற்றவர்கள் ஐந்தாம் நாளில் இருக்கிறார்களே" என்று அவரை நேரே சேர்த்துவிடக் கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 250 பவுண்டு வீரர் 5 பவுண்டு இழந்தால் அது 2 சதவீதம், ஆற்றல் குறையத் தொடங்கும் அளவு. இழந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரை லிட்டருக்குச் சற்று மேலாகக் குடிக்க வேண்டும். மறுநாள் காலையிலும் எடை திரும்பாதவரைக் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஐஸ் தண்ணீர்த் தொட்டி பயிற்சி தொடங்கும் முன்பே நிரம்பியிருக்க வேண்டும். வீரர் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்றால் அது வெப்பத்தாக்கு. நெற்றியிலும் வாயிலும் வைக்கும் தெர்மாமீட்டர் இங்கே பொய் சொல்லும். மலக்குடல் அளவுதான் நம்பகமானது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆளைத் தொட்டிக்குள் இறக்குங்கள். வண்டி வந்தாலும் உள்வெப்பம் 39-க்குக் கீழே வந்த பிறகே அனுப்ப வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. அதைச் சாலையில் செலவழிக்கக் கூடாது.

ஹெல்மெட்டைத் தலையை நனைத்துவிட்டுப் பொருத்துங்கள், வியர்வையில் அது எப்படி நிற்கும் என்று அப்போதுதான் தெரியும். முன்விளிம்பு புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே. முகக்கம்பியைப் பிடித்து ஆட்டும்போது நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் அளவு பெரிது, அல்லது உள்காற்று குறைந்திருக்கிறது. முகாம் நடுவில் முடி வெட்டிக்கொண்டவருக்கு மறுபடி பொருத்த வேண்டும். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பருவம் தொடங்கியதும் வாரம் ஒரே தாளத்தில் ஓடும். சனி ஆட்டம். ஞாயிறு வீடியோ, காயப் பட்டியல். திங்கள் லேசான ஓட்டம். செவ்வாயும் புதனும் கனமான பயிற்சி, வியாழன் ஸ்பெஷல் டீம் (உதைகளின்போது மட்டும் இறங்கும் அணி), வெள்ளி நடைப்பயிற்சி. செவ்வாயில் ஆய்வகம் உள்ள மாணவர்கள் அரைமணி தாமதமாக வருவார்கள். தனித்திறன் பயிற்சியை முதலில் வைத்து, 11 பேர் சேர்ந்த பயிற்சியைப் பின்னால் தள்ளுங்கள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு லைன்மேன்களுக்குப் புதன்கிழமை மோதலை வெட்டிவிடலாம். தடுப்பு மறந்துபோகும் என்று பயிற்சியாளர்கள் பயப்படுவார்கள், மறக்காது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது, அவர் குவாட்டர்பேக்காக இருந்தாலும் சரி.

எதிரணியின் ஆட்டத்தைப் போலி செய்யும் ஸ்கவுட் டீமுக்கு முதலாண்டு மாணவர்கள் போதும். ஆனால் அட்டையில் வரைந்த படம் தெளிவாக இல்லையென்றால் 20 நிமிடம் வீண். ஒரு அட்டைக்கு ஒரே ஆட்ட நகர்வு, தடித்த கோடு, எதிரணி வீரரின் எண்.

எண் என்றதும் ஒரு பொறி. 100 பேருக்கு மேல் உள்ள அணியில் ஒரே எண்ணை இருவர் அணிவது நடக்கும். விதி தடுப்பது அவ்விருவரும் ஒரே டவுனில், அதாவது ஒரே ஆட்ட முயற்சியில், இறங்குவதைத்தான். சிக்கல் வருவது கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), பன்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுப்பது) அணிகளில், ஏனென்றால் அங்கே நம் அணியின் தாக்கும், தடுக்கும் இரு பக்கத்து ஆட்களும் கலந்து நிற்பார்கள். வியாழக்கிழமை பட்டியலை எண் வாரியாக ஒருமுறை சரிபாருங்கள்.

பன்டில் ஸ்னாப்பிலிருந்து உதை வரை 2.1 வினாடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் தடுக்கப்படும் ஆபத்து. ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) பந்து நிற்கும் யார்டோடு 17 கூட்டினால் உதைக்கும் தூரம்: கோல் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ட் ஸோன் 10, பிடிப்பவர் பின்வாங்கி அமரும் 7. கிக்ஆஃபைத் தன் பக்கத்து 25 யார்டுக் கோட்டுக்குள் ஃபேர் கேட்ச் செய்தால் (கையை உயர்த்திக் காட்டிவிட்டு, ஓடாமல் பிடித்தால்) பந்து 25-ல் வைக்கப்படும். 2018 முதல் கல்லூரி விதி இது. உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடும் திறமையான ரிட்டர்னர் இல்லாத அணி இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காயம் ஒன்று குறையும்.

பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சாம்பியன்ஷிப்பில் 2024 முதல் 40 அணிகள். லீக் சாம்பியனுக்கு நேரடி இடம். மீதி இடங்களுக்கு என்பிஐ எனும் என்சிஏஏவின் புள்ளிக்கணக்குத் தரவரிசை, அதில் எதிராளியின் பலமும் கணக்கில் சேரும். லீக்குக்கு வெளியே விளையாடும் ஆட்டங்களை எல்லாம் எளிய எதிரிகளோடு வைத்துக்கொண்ட அணி, ஒரேயொரு தோல்வியிலும் வெளியே நிற்க நேரலாம்.

கடைசி ஆட்டத்துக்கு மறுநாளே கவசங்களைத் திரும்ப வாங்குங்கள். நன்றிகூறல் விடுமுறைக்கு மாணவர்கள் கிளம்பிவிட்டால் ஜனவரி வரை தேட வேண்டியிருக்கும். ஹெல்மெட்டின் உள்ளே தயாரித்த ஆண்டு இருக்கும். 10 ஆண்டைத் தாண்டியதைப் புதுப்பிப்பு நிறுவனங்கள் ஏற்பதில்லை. அவற்றைத் தனியே எண்ணி, அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அத்தனை புது ஹெல்மெட்டுக்கு டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள்.