காற்றாலையும் டான் குயிக்ஸாட்டும்: மையில் வரைந்து பழகுவோம்

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் ‘டான் குயிக்ஸாட்’ நாவலுக்குப் படம் போட உட்காருகிறவர்கள் நேராகப் போவது முதல் பாகத்தின் (1605) எட்டாம் அத்தியாயத்துக்குத்தான்: தன்னை மாவீரனாக நினைத்துக்கொள்ளும் டான் குயிக்ஸாட், காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணிப் பாயும் இடம். நானும் போனேன். மூன்று தாள் வீண்.

1. பென்சிலில் காற்றாலை. கதை நடக்கும் ஸ்பெயினின் லா மாஞ்சாவில் இருப்பது வெள்ளையடித்த உருளைக் கோபுரம், கூம்புக் கூரை, நான்கு இறக்கை. கோன்சுவேக்ரா, காம்போ தெ கிரிப்தானா ஊர்ப் படங்களைத் தேடிப் பாருங்கள். டச்சுக் காற்றாலையைப் போட்டுவிடாதீர்கள்!

2. தலைக்கவசம். நான் சறுக்கியது இங்கேதான். பித்தளைச் சவரத் தட்டு, கழுத்துக்குப் பொருந்த விளிம்பில் அரைவட்ட வெட்டு என்று பார்த்துப் பார்த்து வரைந்து தலையில் கவிழ்த்தேன். அப்புறம் மேலே படித்தால், அந்தத் தட்டு டான் குயிக்ஸாட் கைக்கு வருவதே 21ஆம் அத்தியாயத்தில்! மழையில் தொப்பி நனையாமலிருக்க நாவிதர் ஒருவர் அதைக் கவிழ்த்துக்கொண்டு வர, இவர் அதை வீரக்கதைகளில் வரும் மாம்பிரினோ மன்னனின் மாயத் தலைக்கவசம் என்று நினைத்துப் பறித்துக்கொள்கிறார். காற்றாலைச் சண்டையில் இருப்பது ஒட்டுப்போட்ட பழைய கவசம். அதன் முகமறைப்பை முதல் அத்தியாயத்தில் அவரே அட்டையில் செய்கிறார். வாளால் வெட்டிப் பார்க்க, பிய்ந்துவிடுகிறது. உள்ளே இரும்புப் பட்டை வைத்து மறுபடி செய்கிறார், இந்தமுறை வெட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே கவசத்தைக் கொஞ்சம் கோணலாகவே வரையுங்கள்.

3. மை. தொட்டு எழுதும் நிப் பேனாதான் என் கட்சி. அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஜெல் பேனாவில் அது வராது. பென்சிலை அழிக்குமுன் மை நன்றாகக் காயட்டும்.

4. நிழல். 1863 பதிப்புக்கு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்ததை பிசான் மரக்கட்டையில் செதுக்கினார். கோடுகள் பொருளின் வளைவோடு போவதைக் கவனியுங்கள். கோபுரத்துக்கு நேர்கோடு போட்டால் தட்டைச் சுவராகிவிடும். வளையல் மாதிரி வளைத்துப் போடுங்கள். வெயில் படும் பக்கம் வெறும் தாள் போதும்.

பின்சேர்க்கை: டான் குயிக்ஸாட்டின் உதவியாள் சான்சோவைக் குட்டைக்காலனாக வரைந்திருந்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வாசகர் எழுதினார். பார்த்தேன்: பெருத்த வயிறு, குறுகிய உடல், ஆனால் நீண்ட கால்கள். சரி, கழுதைமேல்தானே இருக்கிறார் என்று கால்களைத் தரை தட்டும்வரை இழுத்துவிட்டேன்.