வெளிநாட்டில் ஹாம் வானொலி: பரஸ்பர உரிமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, போய் இறங்கியதும் பேசலாம்" என்று நம்பிப் பெட்டி கட்டும் ஹாம்கள் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) நிறையப் பேர். ஒரு நாட்டின் உரிமத்தை இன்னொரு நாடு ஏற்கும் இந்தப் பரஸ்பர ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது. அது எந்த வகை, எந்த வகுப்பு உரிமத்துக்குப் பொருந்தும், யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் தெரியாமல் பிடிடி (பேச அழுத்தும்) பொத்தானை அழுத்தினால், உரிமம் இல்லாமல் ஒலிபரப்பியதாகவே கணக்காகும். வெளிநாட்டு அமெச்சூரை (ஹாமை) அனுமதிப்பதா வேண்டாமா என்பதைச் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் 25-ஆம் பிரிவு அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருக்கிறது.

முதல் தவறு, எல்லா ஒப்பந்தங்களையும் ஒன்றாக நினைப்பது. ஐரோப்பிய நாடுகளின் செப்ட் அமைப்பு வகுத்த டி/ஆர் 61-01 பரிந்துரையின் கீழ் விண்ணப்பமே தேவையில்லை. தகுதியான உரிமம் கையில் இருந்தால் மூன்று மாதம் வரை இயங்கலாம். அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான ஐஏஆர்பி அனுமதிச் சீட்டைப் புறப்படும் முன்பே சொந்த நாட்டில் வாங்கிவிட வேண்டும். இரு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்றால், பெரும்பாலும் போகும் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்புக்கு விண்ணப்பித்து அனுமதி கைக்கு வரக் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் தேடத் தொடங்கினால் காலம் போதாது.

அடுத்தது வகுப்பு. செப்ட் முழு உரிமைக்கு ஹாரெக் எனும் ஐரோப்பியத் தேர்வுத் தரத்துக்கு இணையான தேர்ச்சி வேண்டும். அமெரிக்காவின் எக்ஸ்ட்ரா வகுப்பு அதற்குத் தகுதி பெறும். ஜெனரல் வகுப்புக்குக் கிடைப்பது செப்ட் நோவிஸ் (தொடக்கநிலை) உரிமை மட்டுமே, அதை ஏற்கும் நாடுகளும் குறைவு. டெக்னீஷியனுக்கு எதுவும் இல்லை. ஜெர்மனியில் ஏ வகுப்புக்கு முழு உரிமை, இ வகுப்புக்கு நோவிஸ்; 2024-இல் வந்த என் வகுப்பு இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே வராது. பிரிட்டனில் ஃபுல் உரிமம் மட்டுமே டி/ஆர் 61-01-க்குச் செல்லும்.

இதைவிட வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் தேர்வை வெளிநாட்டவரும் எழுதலாம் என்பதால், எக்ஸ்ட்ரா தேறிவிட்டால் ஐரோப்பா முழுவதும் திறந்துவிடும் என்று பலர் உழைத்துப் படிக்கிறார்கள். திறக்காது. எஃப்சிசி உரிமத்தை வைத்து செப்ட் நாடுகளில் இயங்குபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். உரிமத்தோடு குடியுரிமைச் சான்றும், டிஏ 16-1048 என்ற எஃப்சிசி அறிவிப்பின் பிரதியும் கையில் இருக்க வேண்டும். எதிர்த்திசையிலும் இப்படி ஒரு மூடிய கதவு உண்டு: எஃப்சிசி உரிமம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அமெரிக்க மண்ணில் தன் நாட்டு உரிமத்தைக் காட்டிப் பரஸ்பர உரிமை கோர முடியாது. தன் எஃப்சிசி கால்சைனில்தான் (அழைப்புக் குறியில்தான்) இயங்க வேண்டும்.

உரிமத்தை அச்சிடும்போதும் கவனம் தேவை. எஃப்சிசி 2015 முதல் காகித உரிமத்தை வழக்கமாக அனுப்புவதில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது "ரெஃபரன்ஸ் காப்பி" என்று குறிக்கப்பட்ட பிரதி. அது உரிமம் ஆகாது. கணக்கில் உள்நுழைந்து அதிகாரப்பூர்வப் பிரதியை எடுங்கள்.

கால்சைனில் நாட்டு முன்னொட்டு எங்கே வரும் என்பதிலும் குழப்பம் அதிகம். செப்ட் நாடுகளில் முன்னொட்டும் சாய்கோடும் முதலில், உங்கள் கால்சைன் பிறகு: ஜெர்மனியில் முழு உரிமைக்கு டிஎல்/, நோவிஸுக்கு டிஓ/. கிரேக்கத்தின் கிரீட் தீவில் எஸ்வி9/ என்று வரும். வெறும் எஸ்வி/ என்று சொன்னால் உங்களைப் பதிவு செய்பவர் டிஎக்ஸ்சிசி பட்டியலில் (ஹாம்கள் தொடர்புகளைக் கணக்கிடும் நாடு, தீவுப் பட்டியல்) வேறோர் இடத்தில் எழுதிவிடுவார். அமெரிக்காவில் டபிள்யூ4/ போல மாவட்ட எண்ணும் சேர வேண்டும், ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு முறையாவது ஊரும் மாநிலமும் சொல்ல வேண்டும். அங்கே கனடா உரிமத்துக்கு மட்டும் அந்தக் குறி கால்சைனுக்குப் பின்னால் வரும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையை இயக்குபவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும்: இப்படி நீண்ட கால்சைனோடு சிக்யூ என்ற பொது அழைப்பு விடுக்கும்போது கிரிட் இடக்குறி (இருக்கும் இடத்தைக் காட்டும் குறியீடு) செய்தியில் போகாது. வீட்டிலேயே மென்பொருளில் ஒரு முறை அமைத்துப் பாருங்கள்.

கைக்கருவியை அப்படியே எடுத்துச் செல்வதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை. உலகம் மூன்று வானொலி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பா அடங்கிய 1-ஆம் மண்டலத்தில் 2 மீட்டர் பேண்ட் (அதிர்வெண் பட்டை) 144–146 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. 2, 3 மண்டலங்களில் 148 வரை போகும். வட அமெரிக்கக் கருவியின் நினைவகத்தில் இருக்கும் 146.520 அழைப்பு அதிர்வெண் ஐரோப்பாவில் அமெச்சூர் பேண்டுக்கு வெளியே விழும். 222–225 மெகாஹெர்ட்ஸ் 2-ஆம் மண்டலத்துக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. 40 மீட்டரில் 7.2-க்கு மேலே 2-ஆம் மண்டலத்தில் மட்டும் 7.3 வரை இடம் உண்டு. 80 மீட்டரின் மேல் எல்லை மூன்று மண்டலங்களில் முறையே 3.8, 4.0, 3.9 மெகாஹெர்ட்ஸ். இருப்பிடத் தகவல் அனுப்பும் ஏபிஆர்எஸ்ஸும் 144.390-இலிருந்து 144.800-க்கு மாற வேண்டும். இவை மண்டல ஒதுக்கீடுகள்தான். நாட்டு விதி இன்னும் குறுகலாக இருக்கலாம், ஆற்றல் வரம்பும் அந்த நாட்டு விதிப்படியே. புறப்படும் முன் பழைய நினைவகத்தைக் கணினியில் சேமித்துவிட்டு, கருவியைக் காலி செய்து, போகும் நாட்டின் அதிர்வெண்களை மட்டும் ஏற்றுங்கள். சில ஐரோப்பிய ரிப்பீட்டர்களை (சமிக்ஞையை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையங்களை) திறக்க 1750 ஹெர்ட்ஸ் தொனி வேண்டும். உங்கள் கருவியில் அது எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.

செப்ட் ஏற்பாடு சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தாது. கருவிகளின் வரிசை எண் பட்டியலும் வாங்கிய ரசீதும் பையில் இருக்கட்டும். விடுதி அறையின் மின்சாரத்தில் இயங்கும் நிலையத்தையும் செப்ட் ஏற்பாடு "போர்ட்டபிள்" என்றே ஏற்கிறது, ஆனால் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பு கேட்க முடியாது.

வீட்டிலிருந்தபடியே இணையம் வழி வேறொரு நாட்டின் நிலையத்தை இயக்க இந்த உரிமை உதவாது. இது அந்த மண்ணில் தற்காலிகமாக இருப்பவருக்கானது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதானால் செப்டின் இன்னொரு பரிந்துரையான டி/ஆர் 61-02-இன்படியான ஹாரெக் சான்றிதழைப் புறப்படும் முன்பே வாங்கி, அதை வைத்து அங்கே உள்ளூர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.