நிழல் விழாத கோபுரம்: மதிப்புரையிலும் பயணக் கட்டுரையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நான் எழுதிய முதல் பயணக் கட்டுரையில், அதன் கோபுர நிழல் தரையில் விழாது என்று ஒரு வரி இருந்தது. யாரும் மறுக்கவில்லை. நாலைந்து பேர் அந்த வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டவும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு கோடை மாலையில் அதே பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்தளம் கொதித்துக்கொண்டிருந்ததால் வந்தவர்கள் எல்லாரும் ஓர் இடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். இரண்டு சிறுவர்கள் ஒரு காலை வெயிலிலும் மறு காலை நிழலிலும் வைத்து, யார் அதிக நேரம் சூடு தாங்குகிறார்கள் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது எதன் நிழல் என்று அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நண்பகல் நிழலைத்தான் சொல்கிறார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் நிற்காது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 200 அடிக்கு மேல் உயர்ந்த கட்டடத்தின் நண்பகல் நிழல் அப்போது வடக்குப் பிரகாரத்தில் தாராளமாக விழும். இது போதாதென்று அந்த வரியில் இன்னொரு பிழையும் இருந்தது. நான் கோபுரம் என்று எழுதியது விமானம். கருவறைக்கு மேல் எழுவது விமானம், வாயிலுக்கு மேல் எழுவது கோபுரம். பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் என்று இரண்டு கோபுரங்கள் தனியே இருக்கின்றன. இரண்டையும் கடந்துதான் நான் உள்ளே போயிருக்கிறேன்.

நேரில் போகாமல் எழுதியிருந்தால் இதை மன்னித்துவிடலாம். நான் போனேன், நின்றேன், படமும் எடுத்தேன். ஆனால் அந்த வரி ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே என் தலைக்குள் எழுதப்பட்டிருந்தது. புத்தகங்களைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் பல ஆண்டுகளாக எழுதுகிறேன். என்னிடமும் பிறரிடமும் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை.

மதிப்புரையில் இதற்கு வசதியாக அமைந்த பொறி அணிந்துரை. தமிழ்ப் புத்தகங்களில் முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை என்று வாசலிலேயே நாலு பேர் நின்று வரவேற்கிறார்கள். அவற்றைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர், அணிந்துரை எழுதியவர் கண்ட புத்தகத்தைத்தான் காண்பார். அவர் 'மண்ணின் மணம்' என்று சொல்லியிருந்தால் இவருக்கும் அதே மணம் அடிக்கும். அணிந்துரையைக் கடைசியில் படியுங்கள். நீங்கள் நினைத்ததற்கும் அவர் சொன்னதற்கும் எங்கே முரண்பாடு வருகிறது என்று பார்த்தால், மதிப்புரைக்கான முதல் பத்தி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல் எழுதுவதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, செய்தவர்களுக்குத் தெரியும். ஒருமுறை நானே ஒரு நாவலின் கடைசி முப்பது பக்கங்களை 'இனி என்ன நடந்துவிடப் போகிறது' என்று விட்டுவிட்டு, அதன் நாயகியின் பொறுமையைப் புகழ்ந்து எழுதினேன். அந்த முப்பது பக்கங்களில் அவள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறாள். நாவலை எழுதியவர் இரண்டே வரியில் எனக்குக் கடிதம் போட்டார். அதில் கோபம் எதுவும் இல்லை என்பதுதான் கூடுதல் வலி.

கதைச் சுருக்கம் சொல்லி முடிப்பது அடுத்த தவறு. சிறுகதைத் தொகுப்புகளில் இது இன்னும் மோசமாகிறது. பதினான்கு கதைகள் இருந்தால் பதினான்குக்கும் ஆளுக்கு இரண்டு வரி, பந்தியில் பாயசம் ஊற்றுவதுபோல. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நியாய உணர்வு அதில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்கிறவருக்கு ஒரு கதையும் மனத்தில் நிற்காது. இரண்டு கதைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றின் ஒரு பத்தி எப்படி வேலை செய்கிறது என்று காட்டினால் போதும்: எந்த இடத்தில் வாக்கியம் குறுகுகிறது, உரையாடல் எங்கே சட்டென்று நின்றுவிடுகிறது, எதை ஆசிரியர் சொல்லாமல் தாண்டிப் போகிறார். மற்ற பன்னிரண்டும் எப்படியிருக்கும் என்று வாசகரே ஊகித்துக்கொள்வார்.

'விறுவிறுப்பான நடை', 'எடுத்தால் கீழே வைக்க முடியாது', 'ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்'. இவற்றைக் களைய என்னிடம் ஒரு சோதனை உண்டு. எழுதிய வாக்கியத்தில் நூலின் பெயரை எடுத்துவிட்டு, அலமாரியில் பக்கத்தில் இருக்கும் நூலின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். வாக்கியம் அலுங்காமல் நின்றால் அதை அடித்துவிடுவேன். முதல் முறை இப்படிச் செய்தபோது எண்ணூறு சொல் கட்டுரையில் இருநூறு மிஞ்சியது. சமையல் புத்தகத்துக்கும் கவிதைத் தொகுப்புக்கும் பொருந்துகிற பாராட்டு இரண்டுக்கும் அவமரியாதைதான்.

மொழிபெயர்ப்பு நூல்கள் என்று வந்தால் கைவசம் ஒரே ஒரு பாராட்டுதான் இருக்கிறது: 'மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லை.' மூலத்தின் ஒரு பக்கத்தைக்கூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதை எழுதுகிறோம். சரளமாக இருப்பது தமிழுக்குப் பெருமை. மூல ஆசிரியர் வேண்டுமென்றே முரடாக எழுதியிருந்தால், அந்தச் சரளம் அவருக்குச் செய்த துரோகமாகவும் இருக்கலாம். மூலமொழி தெரியாவிட்டால் தமிழ் வாக்கியங்களைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மை. மொழிபெயர்ப்பாளரின் பெயரையே போடாமல் எழுதப்பட்ட மதிப்புரைகளும் உண்டு. அதற்கு மன்னிப்பே கிடையாது.

நண்பரின் புத்தகத்துக்கு எழுதினால் நண்பர் என்றும், இலவசப் பிரதி வந்திருந்தால் இலவசம் என்றும் சொல்லிவிடுங்கள். மேற்கோளை நினைவிலிருந்து எழுதாமல் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். எந்தப் பதிப்பு என்றும் குறியுங்கள். மறுபதிப்பில் வரிகள் மாறியிருக்கலாம்.

படித்த புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பயணம் போகும்போதுதான் இரண்டு வகைத் தவறும் கைகோத்துக்கொள்கின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. நீர் ததும்பும் ஏரி, குதிரையில் வரும் வந்தியத்தேவன். அதைப் படித்தவர்கள் இன்றைய வீராணத்துக்குப் போகிறார்கள். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்தால்தான் அங்கே கடல். வராத கோடையில் ஏரியின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். ஆனால் கோடையில் போய்வந்தவர் கட்டுரையிலும் அலை அடிக்கிறது. அவர் கண்ணுக்கு முன்னால் இருந்த வெடித்த மண்ணும், அதில் மேய்ந்த மாடுகளும், கரையில் ஓடிய பஸ்ஸும் எங்கே போயின? அவைதானே கல்கி எழுதாதவை.

இதைவிடப் பெரிய சிக்கல், கதையை வரலாறாக எழுதிவிடுவது. நந்தினியும் பூங்குழலியும் கல்கி படைத்தவர்கள். கோடியக்கரைக்குப் போய்ப் 'பூங்குழலி வாழ்ந்த இடம்' என்று எழுதுவது, நாவலின் மேல் வைத்த அன்பாக இருக்கலாம், தகவல் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், வீராணத்தை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலிலேயே அனந்தீசுவரர் கோயிலில் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவருடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. நாவலில் வரும் ரவிதாசன் என்ற பெயர் கல்லில் இருக்கிறது, நந்தினி என்ற பெயர் இல்லை. எது கல்லில் இருக்கிறது, எது கல்கியிடம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினாலே அந்தக் கட்டுரை மற்றவற்றைவிட ஒரு படி மேலே போய்விடும். ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு, இவ்வளவு அருகில் இருக்கும் கல்வெட்டைப் பார்க்காமலே பலர் திரும்பிவிடுகிறார்கள்.

போன தேதியைச் சொல்லாமல் விடுவது சின்ன விஷயம்போலத் தோன்றும். தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையும் அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் வாரிக்கொண்டுபோன கதை எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும். அதன்பிறகு, 'முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேன்தான்' என்று ஒருவர் எழுதியிருப்பார். இன்னொருவர் 'அரிச்சல்முனை வரை காரிலேயே போனோம்' என்பார். இரண்டும் உண்மை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது; முதலாமவர் அதற்கு முன்பு போனவர். பாம்பனிலும் இப்படித்தான். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் மண்டபத்தோடு சரி. 'ரயிலில் ராமேசுவரம் போய் இறங்கினோம்' என்ற வரிக்கு மாதமும் ஆண்டும் இல்லாவிட்டால், அந்த இடைவெளியில் அதை நம்பித் திட்டம் போட்டவர் மண்டபத்தில் மூட்டையோடு நின்றிருப்பார்.

அதே அரிச்சல்முனையில் 'இலங்கை கண்ணுக்குத் தெரிகிறது' என்று எழுதுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரையில் நிற்கும் ஆளின் கண்ணுக்குக் கடல் விளிம்பு ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். எதிரே உள்ள இலங்கைக் கரையான தலைமன்னார் இருப்பது அதைப்போலப் பல மடங்கு தொலைவில், அதுவும் தாழ்ந்த மணற்கரையாக. தெரிந்தது மேகமாக இருக்கலாம். கூட வந்தவர் சொன்னதாகவும் இருக்கலாம்.

பயணக் கட்டுரை காலை நான்கு மணி அலாரத்தில் தொடங்குவது நம்மிடம் ஒரு தீராத வழக்கம். எழுந்தது, குளித்தது, மைத்துனர் வர நேரமானது, வழியில் டீ குடித்தது. ஊர் வந்து சேர்வதற்குள் வாசகர் இறங்கிவிடுகிறார். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். படம் 1940இல் வெளிவந்தது. அவ்வளவு அலைந்தவர் தன் கட்டுரைகளில் தன்னை எவ்வளவு ஓரமாக நிறுத்திக்கொண்டார் என்பதைப் படித்துப் பார்த்தால், நம் அலாரத்தைப் பற்றி எழுதக் கூச்சம் வரும். மைத்துனர் வர நேரமானதால் ஏதாவது நடந்திருந்தால் மட்டும் அவர் கட்டுரைக்குள் வரட்டும்.

'காலம் உறைந்துபோன கிராமம்', 'வெள்ளந்தி மனிதர்கள்' ஆகிய இரண்டையும் நான் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்ய எனக்கு ஒரு பாட்டி தேவைப்பட்டார். ஒரு கடலோர ஊரில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தவரைக் கேட்காமல் படம் எடுத்தேன். "ஏன் தம்பி, உங்க அம்மா பாத்திரம் தேய்க்கும்போது யாராவது வந்து படம் எடுத்தால் சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டார். படத்தை அழித்தேன். பிறகு அவரே உட்காரச் சொல்லி, எந்த மீனுக்கு எத்தனை வெயில் தேவை, மழை வந்தால் என்ன செய்வார்கள், உப்பு ஏறியதை எப்படி விரலால் அழுத்திப் பார்ப்பது என்று அரை மணி நேரம் பேசினார். என் கட்டுரையில் படிக்கும்படியாக இருந்த ஒரே பகுதி அதுதான். வெள்ளந்தி என்று எழுதியிருந்தால் அந்த விரல் அதில் இருந்திருக்காது.

குறிப்பை அன்றே எழுதுங்கள். மூன்றாம் நாள் நினைவு, நடந்ததைவிட அழகாக இருக்கும். அதனாலேயே அதை நம்பக் கூடாது. வாசலில் இருக்கும் தகவல் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை அப்படியே கட்டுரையில் இறக்கிவைக்க வேண்டாம். தல புராணத்தை எழுதும்போது 'என்பது தல புராணம்' என்று மூன்று சொல் சேர்த்துக்கொள்வதில் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக, தவறு செய்த பிறகு செய்யும் தவறு. பிழையைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, எப்போதும் சரியாகவே எழுதியவர்போல இருந்துவிடுவது. நான் தஞ்சைக் கட்டுரையில் அந்த வரியை அப்படியே விட்டு, கீழே தேதியுடன் ஒரு திருத்தம் சேர்த்தேன்: நிழல் விழுகிறது, நானே அதில் உட்கார்ந்திருந்தேன், அது கோபுரமும் இல்லை. போன மாதம் ஒருவர் எழுதிய தஞ்சைப் பயணக் கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. என் பழைய வரி சொல் மாறாமல், 'கோபுர' உட்பட, அதில் இருந்தது. திருத்தம் மட்டும் இல்லை. கூடவே அவர் ஒரு படமும் போட்டிருந்தார், மாலை வெயிலில் எடுத்தது. முன்னால் கல்தளத்தில் பாதி கறுப்பாக இருந்தது.