தவக்காலத்தில் பாண் சுடுகிறவர்கள் விடும் பிழைகள்

எங்கள் பங்கு மண்டபத்தில் தவக்காலச் சனிக்கிழமை ஒன்றில் எட்டுப் பேர் கூடிப் பாண் சுட்டோம். மாவைக் குழைத்து மூடி வைத்துவிட்டு, விண்ணரசை ஒரு பெண் மாவில் கலந்த புளிப்பு மாவுக்கு இயேசு ஒப்பிடும் உவமையை வாசிக்க உட்கார்ந்தோம். வாசிப்பு, மௌனம், பகிர்வு, ஒரு பாட்டு. பொங்க இரண்டு மணித்தியாலம் என்று செய்முறையில் போட்டிருந்தது; நாங்களும் ஆறுதலாக இரண்டு மணித்தியாலம் எடுத்தோம். துணியை விலக்கினால், மா சட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நடுவில் குழிந்து கிடந்தது. கள்ளு மணம் வேறு. சுட்டெடுத்தது கல்லு.

மாவை விட்டுவிட்டு அதன் பொருளைத் தேடிப் போனோம், அதுதான் பிழை. அந்தச் செய்முறை குளிர்நாட்டில் எழுதியது. பங்குனி, சித்திரையில் எங்கள் வன்னியில் மதியம் 33, 34 பாகைக்கு ஏறும். 500 கிராம் கோதுமை மாவுக்கு 5 கிராம் ஈஸ்ட் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகிவிடும். மணிக்கூட்டைப் பார்க்காமல் விரலால் பாருங்கள். மா தொட்ட விரலை அரை அங்குலம் அழுத்துங்கள். பள்ளம் உடனே துள்ளி மேலே வந்தால் இன்னும் நேரமிருக்கிறது. மெல்ல, பாதிதான் வந்தால் சுடலாம். அப்படியே கிடந்தால் பிந்திவிட்டீர்கள். வெயில் நாளில் மண்பானைத் தண்ணீரில் குழைத்து ஈஸ்டைப் பாதியாகக் குறைப்பதும், விடியவே தொடங்குவதும் கைகொடுக்கும்.

கையால் செய்தால்தான் உவமையும் வேறு மாதிரிக் கேட்கும். மத்தேயு நற்செய்தி 13 இல் உவமையின் அந்தப் பெண் எடுத்தது மூன்று மரக்கால் மா, ஏறக்குறைய 40 லீற்றர். ஒரு கிலோ குழைத்து முழங்கை நோகிறவளுக்குத்தான், இவ்வளவையும் யாருக்காகக் குழைத்தாள் என்ற கேள்வி வரும். கிரேக்க மூலத்தில் அவள் புளிப்பு மாவை ‘ஒளித்து வைத்தாள்’ என்றுதான் இருக்கிறது. குழைத்த பிறகு ஈஸ்டைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

புளிப்பு என்றால் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டுவதும் பிழை. பரிசேயரின் புளிப்பு மாவைப் பற்றி எச்சரித்தவரும் இயேசுதான்; பழைய புளிப்பை அகற்றச் சொல்கிறார் திருத்தூதர் பவுல். விடுதலைப்பயணம் 12 ஐ எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது, பொங்காத மாவைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு இஸ்ரயேல் மக்கள் எகிப்தை விட்டு வெளிக்கிட்ட இடத்தில் ஒரு அம்மா நிறுத்தச் சொன்னார். 2008 இல் போருக்குள் மன்னார்ப் பக்கமிருந்து கிழக்கே இடம்பெயர்ந்து நடந்தவர் அவர். “குழைச்ச மாவோட வெளிக்கிட்டனாங்கள் பிள்ளை, சுட இடம் கிடைக்கேல்லை” என்றார். பிறகு அன்று யாரும் விளக்கம் சொல்லவில்லை.

உப்பை விடாதீர்கள். ஒறுத்தல் என்று சொல்லி உப்பில்லாமல் சுட்ட ஒருவரும் எங்களிடம் இருந்தார். தின்ற எல்லோரும் ஒறுத்தல் செய்தோம். 500 கிராமுக்கு 10 கிராம் போடுங்கள். உப்பில்லாத மா கட்டுப்பாடில்லாமல் பொங்கும்.

வீட்டில் சுட்ட பாணைத் திருப்பலிக்குக் கொண்டுபோய்ப் பாதரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். இலத்தீன் முறைத் திருப்பலிக்குப் புளிப்பில்லாத கோதுமை அப்பம்தான். உங்கள் பாண் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும்.

எல்லா வீட்டிலும் போறணை இல்லை. பெயர்ப்பலகையில் வெதுப்பகம் என்று எழுதியிருக்கும் பேக்கரியிலும் சனிக்கிழமை இடம் தரமாட்டார்கள். தடித்த சட்டியும் தணலும் போதும். ஆனால் தணலை எல்லாம் கீழே தள்ளினால் அடி கரிந்து உள்ளே பச்சை மா நிற்கும். மூடிக்கு மேலே கூட, கீழே குறைய. சட்டி முதலிலேயே நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும்.

சுட்ட கையோடு வெட்டாதீர்கள், உள்ளே பசை போல ஒட்டும். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுங்கள். மா பொங்கும்போது இப்போது ஒருவர் சட்டியடியிலேயே இருக்கிறார். வாசிப்பை இந்த அரைமணிக்கு மாற்றிவிட்டோம். உயிர்த்த இயேசு அப்பத்தைப் பிட்டபோது சீடர்கள் அவரை அடையாளம் கண்ட எம்மாவு வாசகத்தைத்தான் அநேகமாக எடுப்போம். அப்பத்தைப் பிட்டார் என்ற வரிக்கு வருவதற்குள் யாராவது கையை நீட்டிவிடுவார்கள்.