ஒரு வரிக்காக முழுப் பக்கத்தையும் ஏன் சமைக்க வேண்டும்? வார்னிஷில் துண்டு கேஷ்

துணிக்கடைத் தளம் ஒன்று. முகப்புப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் மேல் மூலையில் "வணக்கம் செல்வி, கூடையில் 3 பொருள்" என்று ஒரு வரி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த ஒரு வரிக்காக முழுப் பக்கத்தையும் கேஷ் செய்யாமல் (தயாரான நகலை எடுத்து வைக்காமல்), டேட்டாபேஸை ஒவ்வொரு தடவையும் போட்டு வதைத்துக்கொண்டிருப்போம். தளத்துக்கு முன்னால் நின்று இப்படி நகலை வைத்துத் தரும் மென்பொருள்தான் வார்னிஷ். அதில் இதற்கு ஈஎஸ்ஐ (Edge Side Includes) என்று ஒரு வசதி இருக்கிறது: பொதுப் பக்கம் கேஷிலிருந்து வரும், மாறும் துண்டை மட்டும் தனியாக எடுத்து ஒட்டும்.

முதலில் அந்த வரியை மட்டும் தரும் தனி முகவரி ஒன்றை உங்கள் ஆப்பில் உருவாக்குங்கள். டெம்ப்ளேட்டில் அந்த வரி இருந்த இடத்தில் ஈஎஸ்ஐ இன்க்ளூட் டேக்கைப் போட்டு, அதன் சோர்ஸாக இந்த முகவரியைக் கொடுங்கள். அப்புறம் வார்னிஷுக்கு விதிகளைச் சொல்லும் விசிஎல் கோப்பில், ஆப்பின் பதிலைக் கையாளும் பேக்எண்ட் ரெஸ்பான்ஸ் பகுதியில், ஹெச்டிஎம்எல் பக்கங்களுக்கு மட்டும் ஈஎஸ்ஐயை இயக்குங்கள், படத்துக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் அது தேவையில்லை. நகலை எவ்வளவு நேரம் வைப்பது என்ற ஆயுளையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஆப்பும் சொல்லாமல் நீங்களும் சொல்லாமல் விட்டால் வார்னிஷ் 120 விநாடி வைத்துக்கொள்ளும், முகப்புக்கு நான் 10 நிமிடம் வைப்பேன்.

சரி, இனிமேல்தான் வேலையே, எல்லோரும் சறுக்குவது குக்கீயில்தான். குக்கீயோடு (ஆளை அடையாளம் காட்டப் பிரவுசர் அனுப்பும் சிறு குறிப்பு) வரும் கோரிக்கையை வார்னிஷ் கேஷில் தேடவே தேடாது, நேராகப் பின்னால் இருக்கும் ஆப்புக்கு அனுப்பிவிடும். அதனால் விசிஎல்லில் கோரிக்கையைக் கையாளும் ரிசீவ் பகுதியில், கூடைத் துண்டு, லாகின், பணம் கட்டும் பக்கம் இவற்றை முதலில் பாஸ் செய்துவிட்டு (கேஷைத் தொடாமல் ஆப்புக்கே அனுப்பிவிட்டு), மிச்சமுள்ள பொதுப் பக்கங்களுக்கு மட்டும் குக்கீயைக் கழற்றுங்கள். நான் முதல் தடவை இந்தப் பிரிப்பே இல்லாமல் எல்லாவற்றுக்கும் கழற்றிவிட்டேன், அன்று லாகின் செய்தவர் எல்லோருக்கும் கூடை காலியாகத் தெரிந்து, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதில் திரும்பி வரும் பக்கமும் இதே கதைதான்: ஆப் பொதுப் பக்கத்திலும் செட் குக்கீ (பிரவுசரில் குக்கீயைப் பதிக்கச் சொல்லும் வரி) அனுப்பினால் அந்தப் பக்கம் கேஷ் ஆகாது, பேக்எண்ட் ரெஸ்பான்ஸில் அந்த வரியை நீக்குங்கள், ஆனால் பாஸ் செய்தவற்றில் கை வைக்காதீர்கள், வைத்தால் யாராலும் லாகின் செய்ய முடியாது.

எல்லாம் செய்தும் துண்டு வரவில்லையா? பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள். ஈஎஸ்ஐ டேக் அப்படியே கிடந்தால், பக்கம் < குறியில் தொடங்கவில்லையோ என்று சந்தேகப்படுங்கள், தொடங்காவிட்டால் இது ஹெச்டிஎம்எல்லே இல்லை என்று வார்னிஷ் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாமல் கோப்பின் தலையில் உட்கார்ந்திருக்கும் பாம் (BOM) என்ற குறியீட்டு எழுத்துதான் பெரும்பாலும் குற்றவாளி.

கேஷ் வேலை செய்கிறதா என்று பார்க்க, கர்ல் என்ற கட்டளைக் கருவி கொண்டு, பக்கத்தோடு வரும் ஹெட்டர் வரிகளை எடுங்கள். அதில் எக்ஸ்-வார்னிஷ் (X-Varnish) என்ற வரியில் இரண்டு எண் இருந்தால் கேஷிலிருந்து வந்தது, ஒன்றுதான் என்றால் பின்னாலிருந்து வந்தது. பிறகு இரண்டு பிரவுசரில் இரண்டு கணக்கில் நுழைந்து பெயர் மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இலவச வார்னிஷ் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கும், எனவே இது நன்றாக இருக்கிறதே என்று பக்கத்தைப் பத்தாக வெட்டாதீர்கள், ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.